திருமலைத் தெருவில் படம் சரிவரவில்லையா? குறையைப் பார்த்துத் திருத்தும் வழிமுறை

படங்களைக் கொண்டுவந்து காட்டும் தம்பி தங்கைமார் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, இதுக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?" படத்தைப் பார்த்தால் லென்ஸில் குறையே இருக்காது. எடுத்தவர் தூரத்தில் நின்றிருப்பார், அல்லது போதிய நேரம் நின்றிருக்க மாட்டார். போஸ் இல்லாத தெருப்படத்தில் வரும் பிழைகளில் பெரும்பங்கு இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது என்பது என் அனுபவம். மிச்சத்தைக் கமெராவின் இரண்டு மூன்று பட்டன்களில் சரிசெய்துவிடலாம்.

கீழே உள்ளதை வரிசையாக வாசிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் படத்தில் எந்தக் குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். நான் சொல்வதெல்லாம் திருமலை, அதாவது திருகோணமலை, நகர மையத்தை மனதில் வைத்து: பஸ் நிலையத்தடி, மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை, பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதி, பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரை. கமெராவுக்கும் போனுக்கும் வழி ஒன்றுதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

"கமெராவைத் தூக்கினதும் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்"

முதல் மாதத்தில் எல்லோருக்கும் வரும் குறை இது. நடுவில் இருப்பவர் லென்ஸை நேராகப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார், பின்னால் ஒரு பெடியன் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

முதலில், நீங்கள் எப்படி வந்து நின்றீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நடந்து வருகிறீர்கள், ஒன்றைக் காண்கிறீர்கள், சட்டென்று நின்று கமெராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறீர்கள். எல்லோரும் நடந்துகொண்டிருக்கும் வீதியில் திடீரென்று நிற்பவர்தான் கண்ணில் படுவார். இந்த ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் நில்லுங்கள், பிறகு காத்திருங்கள், எடுப்பது கடைசியில். ஒரு தேத்தண்ணிக் கடை வாசலிலோ பஸ் நிலையத் தூணோரமாகவோ இருபது நிமிடம் நில்லுங்கள். கமெரா வெளியே, நெஞ்சுக்கு நேராக, எல்லோருக்கும் தெரியும்படி தொங்கட்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் கடைக்காரர் பார்ப்பார், ஓட்டோக்காரர் பார்ப்பார், "என்ன தம்பி, எந்த இடம்?" என்று ஒருவர் கேட்பார். பதில் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். போஸ் இல்லாத படம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மறைந்து நின்று எடுப்பதுதான் இந்தக் கலை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது சரிவராது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு முகம் கூட்டத்தோடு கரைந்துவிடும். திருமலையில் மூன்றாவது தரம் அதே சந்தியில் நிற்கும்போது நீங்கள் யாருடைய பிள்ளை என்பது அங்கே தெரிந்திருக்கும். ஒளிந்து எடுக்கிறவர் என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால் அந்தச் சந்திக்கு மறுபடி கமெராவோடு போக முடியாது. எல்லோரும் காண நின்று, பழகி, பழகிப்போனதால் கவனிக்கப்படாமல் இருப்பதே இங்கே நடக்கக்கூடிய வழி.

அடுத்து, கையில் இருக்கும் பொருளைப் பாருங்கள். எங்கள் ஊரில் பெரிய கறுப்புக் கமெரா என்றால் ஒன்று கல்யாண வீடு, இல்லாவிட்டால் செய்தி. நீண்ட சூம் லென்ஸ், அதன் முனையில் பூப்போல விரிந்த ஹூட், கொம்பனிப் பெயர் கொட்டை எழுத்தில் ஓடும் பட்டி, எல்லாம் சேர்ந்து ஆட்களைக் கூப்பிடும். பட்டியை மாற்றுங்கள், சின்ன லென்ஸைப் போடுங்கள். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் தன் லைக்கா கமெராவின் மினுங்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடி வைத்திருந்தார். கமெராவின் திரையை மேல்நோக்கித் திருப்ப முடியுமென்றால் வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்த்து எடுங்கள். சிக்காகோவில் பிள்ளை பராமரிக்கும் வேலை செய்துகொண்டே தெருக்களைப் படம் பிடித்த விவியன் மையரின் ரோலைஃபிளெக்ஸ் கமெரா அப்படிக் குனிந்து பார்க்கும் வகைதான். முகத்தைக் கமெரா மறைக்காததால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியும். அது அவருக்கு ஒரு நிம்மதி.

போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் போனை நிமிர்த்தி முகத்துக்கு முன்னால் நீட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். படுக்கையாகப் பிடித்து, சத்தம் கூட்டும் குறைக்கும் பட்டனால் எடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது பட்டனில் திருத்தக்கூடியதல்ல. யுத்தம் முடிந்தது 2009இல். அதற்கு முன் இந்த நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் தங்களைப் படம் எடுப்பது பயத்தோடு சேர்ந்த விஷயம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கமெராவைக் கண்டு முகத்தைத் திருப்பினால் அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பிய முகத்தைத் துரத்த வேண்டாம். கமெராவை இறக்கி, கண்ணைப் பார்த்துத் தலையசையுங்கள். அந்த ஆளை அந்த நாளில் விட்டுவிடுங்கள்.

"ஒருவர் கோபப்பட்டார், படத்தை அழிக்கச் சொல்கிறார்"

நடையைக் கட்டாதீர்கள். திரும்பி நடந்தால் பிழை செய்தவரைப் போல இருக்கும், நாலு பேர் பின்னால் வருவார்கள். கமெராவை இறக்குங்கள், ஓரடி முன்னால் போங்கள், அவருக்கு உரிய முறையில் கூப்பிடுங்கள். "ஐயா, மன்னிக்க வேணும்", "அக்கா, குறை நினைக்காதேங்கோ", "நானா, பயப்படாதீங்க, இதைப் பாருங்க." சிங்களத்தில் என்றால் "சமாவென்ன மாத்தயா" போதும். மூன்று சமூகமும் தோளோடு தோள் உரசும் சந்தையில் இந்த நாலு வார்த்தையும் லென்ஸைவிட முக்கியமான சாமான்.

பிறகு திரையைக் காட்டுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள்: "நீங்கள் தராசைப் பிடித்த விதம் வடிவாக இருந்தது." அப்படியும் அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். போனில் அழித்தது இன்னொரு பெட்டிக்குள் கிடக்கும், அங்கேயும் போய் அழித்துக் காட்டுங்கள். பொது இடத்தில் எடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று சட்டம் பேசுவதில் பலனில்லை. வாதத்தில் நீங்கள் வென்றாலும் அந்த இடம் உங்களுக்கு இல்லாமல் போய்விடும்.

மீன் சந்தையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மீன் வெட்டும் ஒருவரை, கத்தி இறங்கும் தருணத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்று எடுத்தேன். அவர் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, "என்னத்துக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்டார். காட்டினேன். படம் நன்றாக இல்லை என்பதல்ல அவர் கவலை. முன்பொருமுறை யாரோ எடுத்து இணையத்தில் போட, அதன் கீழே சனம் அவர் தொழிலைக் கேலி பண்ணி எழுதியிருக்கிறது. அவருடைய மகள் அதை வாசித்திருக்கிறாள். நான் அழித்தேன். அடுத்த கிழமையும் அதற்கடுத்த கிழமையும் கமெரா இல்லாமல் போய் மீன் வாங்கினேன். மூன்றாவது கிழமை அவரே, "எங்க உங்கட கமெரா?" என்று கேட்டார். அன்று எடுத்ததில் ஒன்றை 4க்கு 6 அங்குலத்தில் பிரதி போட்டுக் கொடுத்தேன். அது இப்போது தராசுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் என்னை ஏற்றுக்கொண்டார்கள். பிரதி போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை முதல் மாதமே தொடங்குங்கள். போனுக்கு அனுப்பும் படம் அடுத்த வாரம் தொலைந்துவிடும், தாள் சுவரில் நிற்கும்.

பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகளை முகம் தெரிய எடுக்க வேண்டாம். தாய் தகப்பன் பக்கத்தில் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள், அதனால் அந்தக் கணம் போனாலும் போகட்டும். இளம் பெண்களைத் தனியாக, அவர்கள் அறியாமல் எடுப்பதும் அப்படித்தான். சின்ன ஊர் இது. ஒரு படத்தால் வீட்டில் அவர்களுக்கு வரக்கூடிய கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை.

"சீருடைக்காரர் நிறுத்திவிட்டார்"

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரட்றிக் கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை அதனூடாகவே போகிறது. டொக்யாட் பக்கம் கடற்படை. வாசல்கள், காவல் அரண்கள், கடமையில் இருப்பவர்கள், கப்பல்கள், இவை பின்னணியில்கூட வரக்கூடாது. அந்தப் பக்கம் நடக்கும்போது கமெரா பைக்குள் இருக்கட்டும். தெரியாமல் எடுத்து மாட்டிக்கொண்டால் அடையாள அட்டையைக் கொடுத்து, படத்தைக் காட்டி, அழிக்கச் சொன்னால் அழியுங்கள். கோயில் உள்வீதியில் எடுக்கலாமா என்பதை அங்குள்ளவர்களிடம் கேட்ட பிறகே கமெராவைத் தொடுங்கள்.

"முகம் கறுத்து, பின்னால் எல்லாம் வெளுத்துப்போகிறது"

இந்தக் குறையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். திருமலையில் வெளிச்சத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கமெரா தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் "வெளிச்சம் கூடிவிட்டது" என்று நினைத்து மொத்தத்தையும் குறைக்கும். எங்கள் தோல் நிறம் அதில் கரியாகிவிடும். கூட்டல் கழித்தல் குறி உள்ள பட்டனை அழுத்தி +0.7 அல்லது +1க்குக் கொண்டுபோங்கள். போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, பிறகு மேல்நோக்கி இழுங்கள். எதிர்ப்பக்கமாக, இருண்ட கடைக்குள் நிற்கும் வெள்ளைச் சாரம் வெளுத்துப்போனால் கழித்தல் பக்கம் போங்கள்.

இது மருந்து மட்டும்தான். நோய் நிற்கும் இடத்தில் இருக்கிறது. எங்கள் நகரம் இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு கழுத்தைப் போல இருக்கிறது. கிழக்கே டச்சுக்குடா, மேற்கே உட்துறைமுகம். காலை வெளிச்சம் திறந்த கடலிலிருந்து வருகிறது, மாலை வெளிச்சம் துறைமுகத்துக்கு மேலாக வருகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடம் அதிகமில்லாததால் காலை ஆறே காலிலிருந்து எட்டரை வரையும், பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு வரையும் வெளிச்சம் சாய்வாக வீதிக்குள் நீளமாக ஓடும். காலையில் கடலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், முகங்கள் தெளிவாக வரும். கடலைப் பார்த்து நின்றால் உருவங்கள் நிழலாக வரும். அதுவும் வடிவுதான், ஆனால் விரும்பி எடுக்க வேண்டும், பிழையாக வரக்கூடாது.

மத்தியானம் வேறு கதை. சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி சூரியன் எங்கள் தலைக்கு நேரே வரும். அந்த நாட்களில் பன்னிரண்டு மணி தாண்டி ஐந்து பத்து நிமிடத்தில் மின்கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. கண்குழிகள் இரண்டும் கறுப்பாக இருக்கும். ஆவணி நடுவிலும் இதே நிலை. அந்த நேரத்தில் நடுவீதியில் எடுப்பதை விட்டுவிட்டுக் கடை வாசற்படிகளைத் தேடுங்கள். வெயில் வீதியில் பட்டுத் திரும்பி, கூரைக்குக் கீழே நிற்பவரின் முகத்தில் கீழிருந்து மெல்லிய வெளிச்சமாக விழும். துணிக்கடை வாசலில் விலை பேசிக்கொண்டு நிற்பவர்கள், நகைக் கடைப் படியில் செருப்பைக் கழற்றுகிறவர்கள், எல்லோர் முகமும் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். என் மத்தியானப் படங்களில் தேறியவை அனைத்தும் வாசற்படியில் எடுத்தவை.

முகம் நீலமாகவோ செம்மஞ்சளாகவோ வந்தால் மேலே பாருங்கள், தறப்பாள் இருக்கும். நீலத் தறப்பாளுக்குக் கீழே நிற்பவரை வெள்ளைச் சமநிலையை (நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பை) மாற்றி முழுதாகக் காப்பாற்ற முடியாது. முகத்தைச் சரிசெய்தால் பின்னால் வெயிலில் நிற்கும் தெரு செம்மஞ்சளாகிவிடும். அவர் தறப்பாளின் விளிம்புக்கு வரும்வரை காத்திருங்கள், அல்லது அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரவில் கடை விளக்குக்குக் கீழே எடுத்த படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் தெரிகின்றனவா? எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. மலிவான எல்ஈடி விளக்குகள் பல செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். சத்தமில்லாத ஷட்டரில் வைத்திருந்தால் அது பட்டையாக விழும். சாதாரண ஷட்டருக்கு மாற்றுங்கள். அதிலும் தெரிந்தால் 1/100 செக்கனுக்கு இறங்குங்கள்.

"படம் தெளிவில்லை"

மூன்று வகை இருக்கிறது, பெருப்பித்துப் பார்த்தால் பிரித்தறியலாம். முழுப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. கட்டடம் கூராக இருக்க ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஆள் மங்கி, பின்னால் இருக்கும் விளம்பரப் பலகை கூராக இருந்தால் ஃபோகஸ் வேறிடத்தில் விழுந்திருக்கிறது.

முதல் இரண்டுக்கும் ஒரே மருந்து. நடப்பவருக்கு 1/250 செக்கன், சைக்கிளுக்கும் ஓடும் பிள்ளைக்கும் 1/500. வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, மேல் எல்லையை 3200 என்று வையுங்கள். புள்ளிபுள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, இழுபட்ட முகத்தைவிட அது மேல்.

மூன்றாவதுக்கு, தானியங்கி ஃபோகஸை நம்புவதை நிறுத்திவிடுங்கள். கமெராவோடு வரும் 18–55 லென்ஸை 18இல் வைத்து, லென்ஸின் துவார அளவை எஃப் 8 ஆக்கி, இரண்டு மீற்றர் தூரத்தில் உள்ள ஒன்றில் ஃபோகஸ் பிடித்து, பிறகு லென்ஸின் சுவிட்சைக் கைமுறைக்குத் தள்ளுங்கள். ஏறத்தாழ ஒரு மீற்றரிலிருந்து தெருவின் மறுகோடி வரை எல்லாம் போதிய தெளிவாக வரும். இனி ஃபோகஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய சென்சர் (ஃபுல் ஃபிரேம்) உள்ள கமெராவில் 28 மில்லிமீற்றர் லென்ஸ், அதே எஃப் 8, இரண்டரை மீற்றர் என்றால் ஒன்றரை மீற்றருக்குச் சற்று முன்னாலிருந்து பத்து மீற்றர் வரை கிடைக்கும். இரண்டு மீற்றர் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக, வீதியில் நிறுத்தியிருக்கும் சைக்கிளைப் பாருங்கள். அதன் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. நான் ஒரு மாதம் சைக்கிளாகவே தூரத்தை அளந்தேன்.

சூம் லென்ஸில் 200 மில்லிமீற்றருக்கு இழுத்து, தெருவின் மறுபக்கத்திலிருந்து எடுத்துவிட்டு "தெளிவில்லை" என்பவர்களுக்கு: தெருவைக் கடந்து வாருங்கள்.

"படமெல்லாம் புகை மூட்டினது போல இருக்கிறது"

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தீர்களா? கண்ணாடியில் நீர் படிந்திருக்கும். துடைக்க வேண்டாம், துடைத்தாலும் மறுபடி படியும். அறையை விட்டு வருமுன் கமெராவை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, வெளியே அரை மணித்தியாலம் வைத்த பிறகு எடுங்கள்.

அப்படி இல்லையென்றால் அது உப்பு. வாடைக் காற்று வீசும் மாதங்களில் டச்சுக்குடாக் கரையில் பத்து நிமிடம் நின்றாலே லென்ஸில் உப்புப் படலம் விழுந்துவிடும். வெயிலை எதிர்த்து எடுக்கும்போதுதான் அது தெரியும். சட்டையின் நுனியால் துடைத்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதும் பம்பால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் உப்புக்குப் பதில் தூசி, அதற்கு ஊதினாலே போதும். போனின் லென்ஸ் மங்கல் என்றால் பத்தில் ஒன்பது தடவை அது உங்கள் விரல் எண்ணெய்.

வீட்டில் காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அலுமாரிக்குள் துணிகளோடு வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிக்க எங்கள் ஈரப்பதத்தில் ஒரு மாரி போதும்.

"அந்தக் கணம் ஒவ்வொரு தரமும் கைதவறுகிறது"

கமெரா தூங்கிவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். தானாக அணையும் நேரத்தை நீட்டுங்கள், பெட்டரி இரண்டு கொண்டுபோங்கள். எடுத்ததும் திரையில் படம் காட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். நீங்கள் குனிந்து பார்க்கும் அந்த இரண்டு செக்கனில்தான் அடுத்தது நடக்கிறது.

மற்றபடி, தொழில் செய்கிறவரின் கை திரும்ப வரும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குப் பதற்றம் போய்விட்டது. கொத்து ரொட்டி போடுபவர் இரண்டு தகட்டையும் தூக்குவது, மீன்காரர் வாளித் தண்ணீரை வீசி ஊற்றுவது, "கண்டி, கண்டி" என்று கூவும் கொண்டக்டர் பஸ் வெளிக்கிடும்போது ஒரு காலைப் படியில் வைத்துக் கையை அசைப்பது, எல்லாம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்ப நடக்கும். முதல் தரம் பாருங்கள். இரண்டாம் தரம் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். மூன்றாம் தரம் அது தொடங்கும் முன்பே அழுத்துங்கள், ஏனென்றால் கண்ணால் கண்ட பிறகு விரல் அழுத்தினால் பிந்திவிடும்.

"ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் படத்தில் ஒன்றுமில்லை"

ஓட்டோ, மின்கம்பி, போன் கொம்பனி விளம்பரம், நாலு முதுகு. சந்தைப் பக்கத்துப் படங்களில் பாதி இப்படித்தான் வரும். ஆளைத் தேடாமல் பின்னணியைத் தேடுங்கள். வண்ணம் உதிர்ந்த ஒரு சுவர், நிழல் விழும் ஒரு படி, கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைக் கோடு. ஒன்றைப் பிடித்து அதன் முன்னால் நின்று, ஆட்கள் வந்து கடக்கும்வரை காத்திருங்கள். இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழாமல், நடுவில் கொஞ்சம் வெளி தெரியும் கணத்தில் அழுத்துங்கள். கூட்டம் நெருக்கமாக இருந்தால் முழங்கால் மடித்து இருங்கள். வானம் பின்னணியாகிவிடும், விளம்பரப் பலகைகள் குறையும்.

முதுகுகளே வருவதற்குக் காரணம் நீங்கள் கூட்டத்தின் பின்னால் நடப்பது. எதிர்த்து நடந்து வாருங்கள்.

"என் படங்களில் எல்லாம் மான்தான் இருக்கிறது"

கோட்டையிலும் கடற்கரையிலும் சில வேளை பஸ் நிலையத்தடியிலும் புள்ளிமான்கள் அலைவது எங்கள் ஊரின் பெரிய வரம். அதனாலேயே எல்லோர் போனிலும் அதே மான், அதே குப்பைத்தொட்டி. மானை எடுங்கள், ஆனால் மானுக்குப் பக்கத்தில் மனிதர் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்து எடுங்கள். மரக்கறி மூட்டையைக் காலால் மறைத்துக்கொண்டு மானைச் செல்லமாக விரட்டும் அம்மா ஒருவரை நான் எடுத்த நாளிலிருந்து, தனி மான் படம் எதுவும் எனக்கு நிறைவாகத் தெரியவில்லை.

இதே குறையின் இன்னொரு வடிவம், சுருக்கம் விழுந்த முதியவர்களும் கையேந்துபவர்களும் மட்டுமே நிறைந்த தொகுப்பு. படுத்துக் கிடப்பவரையும் பிச்சை கேட்பவரையும் எடுப்பதை நான் முற்றாக நிறுத்திவிட்டேன், உங்களையும் நிறுத்தச் சொல்வேன். அவர்களுக்கு முகத்தைத் திருப்ப ஒரு வீடு இல்லை. அதற்குப் பதில் ஒரு மாதம் ஒரே இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்தின் ஒரு இருக்கை போதும். காலையில் வைத்தியசாலைத் துண்டோடு கிராமத்திலிருந்து வந்து இறங்குகிறவர்கள், மத்தியானம் மாணவர்கள், பின்னேரம் அலுவலகம் முடிந்தவர்கள். இருக்கை ஒன்றுதான், மனிதர் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

"தெரிந்தவர்கள் மறித்துக் கதைக்கிறார்கள், வேலை ஓடவில்லை"

கதையுங்கள். மாமா முறையானவரோடு கதைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரை அந்த வீதியில் யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். கமெரா கையில் இருக்கட்டும், கண் அவருடைய தோளுக்கு அப்பால் தெருவிலும் இருக்கட்டும். அவரிடமும் சொல்லிவிடுங்கள், "மாமா, நான் இடையில் ஒன்றிரண்டு எடுப்பேன்" என்று.

"நாலு மணித்தியாலம் நின்றும் ஒன்றும் அகப்படவில்லை"

நேரம் பிழைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் சந்தைப் பக்கத்துக் கடைகளில் பாதி சாத்தியிருக்கும். தொழுகை முடிந்து வெள்ளை உடுப்போடு ஆட்கள் வெளியே வரும் பத்து நிமிடம்தான் அன்றைய கணம். பள்ளி விடுவது ஒன்றரைக்கு, கந்தோர் முடிவது நாலே காலுக்கு. ஐந்தரைக்குப் பிறகு முழு ஊரும் டச்சுக்குடா மணலுக்கு வந்துவிடும். கடலை விற்பவர், பட்டம் விடும் பிள்ளைகள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நிற்கும் தகப்பன்மார். மாரியில் மழை விட்ட உடனே வெளிக்கிடுங்கள். மத்திய வீதிக் குழிகளில் நிற்கும் தண்ணீரில் குடைகள் தலைகீழாகத் தெரியும், அரை மணித்தியாலத்தில் வாகனங்கள் அதைக் கலக்கிவிடும்.

அன்றைக்கு ஒன்றுமில்லை என்று நினைத்து வீதியிலேயே நின்று அழிக்காதீர்கள். சின்னத் திரையில் முகபாவம் தெரியாது, களைப்பில் எல்லாம் மோசமாகத் தெரியும். ஒரு கிழமை பார்க்காமல் வையுங்கள். நான் அப்படி வைத்த ஒரு படத்தில், எடுக்கும்போது கவனிக்காத ஒரு சிறுமி, பஸ் யன்னலுக்குள் இருந்து தன் தம்பியின் கண்ணை வெயிலுக்காகக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். கார்டில் உள்ளதை அன்றிரவே கணினியிலும் வேறொரு டிரைவிலும் பிரதி எடுங்கள். இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு, கார்டைக் கமெராவிலேயே போட்டு ஃபோர்மட் செய்யுங்கள்.